இம்மி பிசகிய பட்டியல்

தமிழர் கணக்கின் மிகச் சிறிய பின்னம் ‘தேர்த்துகள்’. அந்தப் பின்னத்தின் கீழே நிற்கும் 22 இலக்க எண்ணைப் பிரித்துப் பார்த்தால் பெருமைக்கும் இடம் இருக்கிறது, பிழையும் அகப்படுகிறது.

கோலார் தங்கவயலின் சுரங்க வரிசையில் வடக்குப் பக்கத்தில் இருந்தது பாலகாட். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் ஆகிய பெயர்களோடு சேர்த்தே சொல்லப்படும் பெயர். கர்நாடகத்தில் இருந்தாலும் தங்கவயலின் தெருக்களில் கேட்பது பெரும்பாலும் தமிழ்தான். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறைக்குள் இறங்கிய ஊர் அது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அரைத்துக் கொட்டிய மணல் மலைகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

தங்கவயலில் தங்கம் கட்டி கட்டியாகக் கிடைத்துவிடவில்லை. பாறையை வெட்டி, மேலே ஏற்றி, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசிக் காலத்தில் ஒரு சில கிராமாகச் சுருங்கிப்போனது. மூன்று கிராம் என்றே வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் கிராம் பாறையில் மூன்று கிராம் தங்கம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு இந்தப் பின்னத்தின் மேல்தான் நின்றது.

இத்தனை சிறிய பங்குக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது: இம்மி. “இம்மியளவும் சந்தேகமில்லை”, “இம்மி பிசகாமல்” என்று தினமும் பேசுகிறவர்களில் பலருக்கு அது ஒரு கணக்குச் சொல் என்பது தெரியாது. ஒன்றை 21 லட்சத்து 50 ஆயிரத்து 400 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் இம்மி. ஒரு டன் பாறையில் ஓர் இம்மி என்றால் அரை கிராமுக்குச் சற்றே குறைவு. அந்த மூன்று கிராம் தங்கம், பழைய கணக்கில் ஏறக்குறைய ஆறரை இம்மி.

இம்மியோடு கணக்கு நின்றுவிடவில்லை. அதற்கும் கீழே ஒரு நீண்ட படிக்கட்டு இறங்குகிறது. சிக்கல் அந்தப் படிக்கட்டில்தான்.

முந்திரிக்குக் கீழே

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த பிள்ளைகள் முழு எண்களோடு பின்னங்களையும் தலைகீழ்ப் பாடமாக ஒப்பித்தார்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஒரு கிளை பாதி பாதியாக இறங்கும். மாகாணி என்பது 16ல் ஒன்று. மா, காணி என்று இன்னொரு கிளை: மா 20ல் ஒன்று, காணி 80ல் ஒன்று, அரைக்காணி 160ல் ஒன்று. இரண்டு கிளைக்கும் அடியில் இருப்பது முந்திரி. அது 320ல் ஒன்று. நெல், பொன், நிலம் என்று அன்றாட வரவு செலவுக்கு இது தாராளமாகப் போதும். கொறுக்கையூர் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ போன்ற நூல்களும், நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாத்து என்ற வாய்பாடுகளும் இந்தப் பின்னங்களைக் கையாளக் கற்றுத் தந்தன.

முந்திரியை மறுபடி 320 பங்கு போட்டால் கீழ்முந்திரி: 102400ல் ஒன்று. அதை 21 பங்கு போட்டால் இம்மி. இதற்குப் பிறகு வரும் பெயர்களைத் தமிழ்ப் பெருமை பேசும் சிறு வெளியீடுகளிலும், கைபேசிக்குக் கைபேசி தாவி வரும் செய்திகளிலும் பலரும் பார்த்திருப்பார்கள். பரவலாகச் சுற்றிவரும் பட்டியல் இதுதான். எண் ஒவ்வொன்றும் பின்னத்தின் கீழே நிற்பது.

இம்மி – 2150400
மும்மி – 23654400
அணு – 165580800
குணம் – 1490227200
பந்தம் – 7451136000
பாகம் – 44706816000
விந்தம் – 312947712000
நாகவிந்தம் – 5320111104000
சிந்தை – 74481555456000
கதிர்முனை – 489631109120000
குரல்வளைப்படி – 9585244364800000
வெள்ளம் – 575114661888000000
நுண்மணல் – 57511466188800000000
தேர்த்துகள் – 2323824530227200000000

“நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், பாருங்கள்” என்ற வரியோடு பட்டியல் முடியும். படிப்பவர் மலைத்துப் போவார். உடனே அடுத்தவருக்கு அனுப்புவார். ஒரு பென்சிலை எடுத்து இந்த எண்களைப் பெருக்கிப் பார்ப்பவர் மட்டும் அரிது. பார்த்தால், பட்டியலின் நடுவில் படிக்கட்டு உடைந்திருப்பது தெரியும்.

ஒன்பதாம் வாய்ப்பாடு போதும்

மேலிருந்து தொடங்கலாம். ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தியதால் வகுத்தால் மீதியில்லாமல் முழு எண் வர வேண்டும். இம்மியிலிருந்து மும்மிக்கு 11 மடங்கு. பிறகு 7, 9, 5, 6, 7, 17, 14 என்று சிந்தை வரை கச்சிதமாக இறங்குகிறது. மீதி எங்கும் இல்லை.

சிந்தையிலிருந்து கதிர்முனைக்குப் போகும்போது கால் இடறுகிறது. வகுத்தால் வருவது 6.57 சொச்சம். ஒரு பங்கை இன்னும் ஆறே முக்காலுக்கும் குறைவாக, பின்னத்துக்குள் பின்னமாகப் பிரிக்கும் கணக்கு எந்த மரபிலும் இருக்காது. அடுத்த படியில் 19.57 சொச்சம். எங்கேயோ பிழை.

எங்கே என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, அந்தத் தொகை 9ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 9ஆல் வகுபடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். படிக்கட்டில் அணுவுக்கும் குணத்துக்கும் இடையே 9 ஒரு தடவை பெருக்கப்பட்டுவிட்டது. எனவே குணம் முதல் தேர்த்துகள் வரை எல்லா எண்களும் 9ஆல் வகுபட்டே தீர வேண்டும். குணத்தின் இலக்கங்களைக் கூட்டினால் 27. பாகம் 36. நாகவிந்தம் 18. சிந்தை 54. எல்லாம் சரி.

கதிர்முனையின் இலக்கங்களைக் கூட்டினால் 44. ஒன்று குறைகிறது. குரல்வளைப்படி 58. அடுத்த ஒன்பதின் மடங்கான 63க்கு ஐந்து குறைகிறது. வெள்ளம் 60, நுண்மணல் 60. இரண்டிலும் மூன்று குறைகிறது.

குறைகிற அதே இலக்கத்தை அந்தந்த எண்ணின் முன்னால் எழுதிப் பார்த்தால் போதும். கதிர்முனைக்கு முன்னால் 1 போட்டால் 1489631109120000. சிந்தையின் 20 மடங்கு, துல்லியமாக. குரல்வளைப்படிக்கு முன்னால் 5 போட்டால் 59585244364800000. அது புதிய கதிர்முனையின் 40 மடங்கு. வெள்ளத்துக்கு 3 போட்டால் 3575114661888000000. அதன் 60 மடங்கு. நுண்மணலுக்கும் 3 போட்டால் 357511466188800000000. அதன் 100 மடங்கு. உடைந்த நான்கு படிகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றுவிடுகின்றன. நான்கு எண்களிலும் பறிபோனது இடது ஓரத்து முதல் இலக்கம்தான்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. பிழையான பட்டியலிலேயே வெள்ளத்தைக் குரல்வளைப்படியால் வகுத்தால் 60 சரியாக வரும். நுண்மணலை வெள்ளத்தால் வகுத்தாலும் 100 சரியாக வரும். மேலே விழுந்த 5க்கும் கீழே விழுந்த 3க்கும் பொருத்தம் அப்படி. ஐந்தை அறுபதால் பெருக்கினால் முந்நூறுதானே. பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டும் சரிபார்த்துவிட்டு ‘ஓகே’ போடுகிறவர் ஏமாந்துபோவார். தவறும் தவறும் கைகோத்து நின்றால் சரி போலவே தெரியும்.

கடைசி எண்ணின் சாட்சி

எல்லாவற்றிலும் நீளமான, எல்லோரும் முதலில் சந்தேகப்படக்கூடிய தேர்த்துகள் என்ன சொல்கிறது? அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 45. ஒன்பது சோதனையில் தேறிவிட்டது. அச்சிலுள்ள நுண்மணலால் அதை வகுத்தால் 40.4 சொச்சம் வருகிறது, அர்த்தமில்லாத எண். திருத்திய நுண்மணலால் வகுத்தால் சரியாக ஆறரை. 22 இலக்கங்களும் கடைசிவரை பொருந்துகின்றன.

இது தற்செயலாக நடக்கக்கூடியதல்ல. தேர்த்துகளைக் கணக்கிட்டவர் கையில் 3 விழாத, முழுமையான நுண்மணல்தான் இருந்திருக்கிறது. ஆக, கணக்குப் போட்டவர் தவறவில்லை. பின்னால் பார்த்து எழுதியவர்கள்தான் இலக்கங்களைத் தவறவிட்டிருக்கிறார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் அதைச் சரிபார்க்காமலே வியந்திருக்கிறார்கள்.

அந்த ஆறரை கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. மற்ற எல்லாப் படிகளும் முழு எண்களாக இருக்க, இது மட்டும் அரையோடு நிற்கிறது. ஆறரை என்பது தமிழ்க் கணக்குக்கு அந்நியமல்ல. அரையையும் காலையும் முழு எண் போலவே கையாண்ட மரபு இது. ஆனால் கடைசியில் ஒரு பூஜ்யம் விழுந்துபோய், 65 என்பது ஆறரையாகியிருக்கவும் வழியுண்டு. இதை ஒன்பது சோதனை காட்டிக்கொடுக்காது. பூஜ்யத்தைச் சேர்த்தாலும் எடுத்தாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறாதே. ஒன்றோ மூன்றோ ஐந்தோ களவுபோனால் எண்ணே புகார் கொடுக்கும். பூஜ்யம் போனால் வாய் திறக்காது. அதற்குப் பழைய ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். அச்சில் உள்ளபடி ஆறரை என்றே கொண்டு மேலே பார்க்கலாம்.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பெரிய எண்ணின் குணத்தை அறிய அதைப் பகா எண்களாக உடைத்துப் பார்ப்பது கணித வழக்கம். வேறெந்த எண்ணாலும் உடைக்க முடியாத 2, 3, 5, 7, 11 போன்றவையே பகா எண்கள். மனம்போனபடி 22 இலக்கங்களை எழுதினால், அதற்குள் பெரும்பாலும் பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட ஒரு பகா எண் பாறாங்கல்லாக உட்கார்ந்திருக்கும்.

தேர்த்துகளின் எண் அப்படியில்லை. அதை உடைத்தால் 2 என்பது 22 முறை, 3 ஐந்து முறை, 5 எட்டு முறை, 7 நான்கு முறை, 11, 13, 17 ஆகியவை ஒவ்வொரு முறை. அவ்வளவுதான். முதல் ஏழு பகா எண்கள் ஒன்றுகூட விடுபடாமல் இருக்கின்றன. எட்டாவதாக வேறெதுவும் இல்லை. மாவாக அரைபடும் எண் இது. கை தேர்ந்த ஒருவர் சிறிய எண்களால் படிப்படியாகப் பெருக்கி உருவாக்கியது என்பதற்கு இதுவே அடையாளம்.

இந்த அடையாளம் எவ்வளவு மெல்லியது என்பதைப் பிழையான கதிர்முனையில் காணலாம். 1 விழுந்த அந்த எண்ணிலிருந்து 2, 5 ஆகியவற்றை எல்லாம் கழித்துவிட்டால் 23907769 என்ற மொட்டை எண் மிஞ்சுகிறது. அது 3ஆல் வகுபடாது. 7, 11, 17 எதனாலும் வகுபடாது. ஓர் இலக்கம் போனதில் நான்கு பகா எண்களும் ஒரே அடியில் காணாமல் போய்விட்டன. காரணம் எளிது. அந்த இடத்தில் 1 விழுவது என்றால் ஒன்றுக்குப் பின் 15 பூஜ்யம் போட்ட எண்ணைக் கழிப்பது. அந்த எண்ணில் 2, 5 தவிர வேறெதுவும் கிடையாது.

பகா எண்கள் படிக்கட்டில் எங்கெங்கே நுழைகின்றன என்பதைப் பார்த்தால் இன்னொரு சங்கதி புரியும். முந்திரியின் 320ல் இருப்பவை 2ம் 5ம் மட்டுமே. கீழ்முந்திரியிலும் அப்படியே. அதனால் ஒரு மரக்கால் நெல்லை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட்டால், ஒவ்வொருவர் பங்கையும் முந்திரிக் கணக்கில் மீதியின்றி எழுத முடியாது. முந்திரியை எத்தனை முறை 320ஆல் வகுத்துக்கொண்டே போனாலும் மூன்றில் ஒரு பங்கு பிடிபடாது. இம்மிக்கு வரும்போது 21 நுழைகிறது. 21 என்பது மூவேழு. அந்த ஒரே படியில் மூன்றும் ஏழும் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. மூன்றில் ஒன்று என்பது சரியாக 716800 இம்மி. ஏழில் ஒன்று 307200 இம்மி. மும்மியில் 11 வருகிறது. நாகவிந்தத்தில் 17. கடைசிப் படியின் ஆறரையில், அதாவது இரண்டில் பதின்மூன்றில், 13 வருகிறது. 65 என்று கொண்டாலும் அதற்குள் 13 இருக்கவே செய்கிறது.

இதன் பலன்: ஒரு பொருளைத் தேர்த்துகள் கணக்கில் எழுதிவிட்டால் இரண்டு பேர் முதல் 18 பேர் வரை எத்தனை பேர் வந்து பங்கு கேட்டாலும் மீதியில்லாமல் பிரிக்கலாம். 19 பேர் வந்தால்தான் முடியாது. மொத்தத்தில் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கக்கூடிய எண்கள் 49,680.

இப்படிப் பல எண்களால் வகுபடும் எண்களை ஆராய்ந்து 1915ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார் கும்பகோணத்திலிருந்து கேம்பிரிட்ஜ் போன சீனிவாச ராமானுஜன். தனக்கு முந்திய எந்த எண்ணைவிடவும் அதிக எண்களால் வகுபடும் எண்களை ‘மிகுபகு எண்கள்’ எனலாம். 12, 24, 60, 360 ஆகியவை அந்த வகை. அத்தகைய எண்ணில் சிறிய பகா எண் அதிகமுறை வர வேண்டும். பெரியது அதைவிடக் கூடுதலாக வரக்கூடாது. இந்த விதியின் முன்னால் தேர்த்துகள் தோற்றுவிடுகிறது. அதில் 3 ஐந்து முறைதான். 5 எட்டு முறை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால், அதே 49,680 வகுப்பான்களோடு நாலரை மடங்குக்கும் மேலாகச் சிறிய ஓர் எண் கிடைத்திருக்கும். மாவும் காணியும் 20, 40, 60, 100 என்ற எண்ணிக்கைகளும் புழங்கிய ஊரில் ஐந்துக்கு மவுசு அதிகம். அந்தப் பழக்கத்தின் ரேகை எண்ணிலும் பதிந்துவிட்டது.

வயலில் அளந்ததா?

இவ்வளவு சிறிய பின்னங்களை யாராவது உண்மையில் பயன்படுத்தினார்களா என்ற கேள்வி நியாயமானது. கல்வெட்டு ஒரு பதில் வைத்திருக்கிறது. முதலாம் ராஜராஜன் (985–1014) காலத்து நில அளவையில், ஒரு வேலியில் 5242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கெழுதி வரி விதித்ததை நீலகண்ட சாஸ்திரி தமது சோழர் வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

இந்த எண்ணையும் உடைத்துப் பார்க்கலாம். 320ஐ நான்கு முறை பெருக்கி, அதை 5ஆல் பெருக்கினால் 52,42,88,00,000 துல்லியமாக வருகிறது. இதில் இருப்பவை 2ம் 5ம் மட்டுமே. மூன்றோ ஏழோ பதினொன்றோ எட்டிப் பார்க்கவில்லை. அதாவது கோயில் கணக்கில் ஓடியது முந்திரி வழிப் படிக்கட்டு. முந்திரி, அதன் கீழ், அதற்கும் கீழ் என்று 320 320ஆக இறங்குவது. இம்மி, மும்மி, அணு என்று போகும் படிக்கட்டின் சாயல் இந்த எண்ணில் இல்லை.

ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அதில் இந்தப் பங்கு என்பது சுமார் அரை சதுர மில்லிமீட்டர். எறும்பின் தலையளவு நிலம். எந்தக் கோலைக் கொண்டும் வயலில் அதை அளக்க முடியாது, அளக்கவும் இல்லை. ஒரு நிலத்தின் விளைச்சலையும் வரியையும் விகிதப்படி வகுத்துக்கொண்டே போகும்போது ஏட்டில் மிஞ்சிய பின்னம் அது. மீதியைத் தள்ளிவிடாமல் கடைசிவரை எழுதியதுதான் அந்தக் கணக்கரின் பெருமை. கண்ணுக்குத் தெரியாததை அளந்தார்கள் என்று அதைத் திரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கிராம் தங்கமும் ஓர் அணுவும்

திரித்துச் சொல்லும் ஆசைக்குத் தீனி போடும் ஒற்றுமை ஒன்று தங்கத்திலேயே இருக்கிறது. ஒரு கிராம் தங்கத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை சுமார் 3 என்ற எண்ணுக்குப் பின்னால் 21 பூஜ்யங்கள். தேர்த்துகளின் எண் 2.3க்குப் பின்னால் அதே அளவு. ஒரு கிராம் தங்கத்தைத் தேர்த்துகளாகப் பிரித்தால் ஒரு பங்கில் ஏறக்குறைய ஒன்றேகால் அணு! “அணுவின் எடையை அன்றே கண்டவன் தமிழன்” என்று தலைப்புப் போட இது போதும்.

ஆனால் கிராம் என்பது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிறந்த அளவு. தட்டார் கையில் இருந்தது குன்றிமணி. அது கிராமில் எட்டில் ஒரு பங்குதான். ஒரு குன்றிமணித் தங்கத்தைத் தேர்த்துகளாகப் பிரித்தால் பங்குக்கு அணுவில் ஆறில் ஒன்றுதான் வரும். ஆறரையை 65 என்று கொண்டாலும் ஒற்றுமை பத்தில் ஒன்றாகத் தேய்ந்துவிடும். பட்டியலிலேயே ‘அணு’ என்ற பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலும் போதும். இம்மியிலிருந்து இரண்டாவது படியில், 16 கோடியே 55 லட்சத்துச் சொச்சத்தில் ஒன்றாக. பெயர் ஒன்று என்பதற்காகப் பொருளும் ஒன்றாகிவிடாது. அளவை மாற்றியதும் உதிர்ந்துபோகிற அதிசயம் அதிசயமல்ல.

மிக நுண்ணியதைத் தேடும் வேலை தங்கவயலிலேயே உண்மையில் நடந்திருக்கிறது. 1965ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து, வானிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் நியூட்ரினோ துகள்களின் தடயத்தைக் கண்டார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் வேறொரு குழுவும் அதையே கண்டது. இரண்டு கண்டங்களில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னதால் உலகம் நம்பியது. அறிவியலில் பெருமை வருவது அந்த இரண்டாவது சோதனைக்குப் பிறகுதான்.

ராமானுஜன் விட்ட எண்

சரிபார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்களுக்கு ராமானுஜனே பதில். 1915 கட்டுரையில் அவர் 102 மிகுபகு எண்களின் பட்டியலைக் கொடுத்தார். கடைசி எண் 6746328388800. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் செய்த அசாத்தியமான வேலை. அந்தப் பட்டியலிலும் ஓர் எண் விட்டுப்போயிருந்தது: 293318625600. அதை வகுக்கும் எண்கள் 5040. பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டுப் பார்த்து, விடுபட்டதைச் சொன்னார்கள். ராமானுஜன் புகழ் அதனால் ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை. அவர் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு அவரை மதித்தார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

தேர்த்துகள் பட்டியலுக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. அதை அனுப்பியவர்கள் ஏராளம். பெருக்கியவர்கள் மிகச் சிலரே. திண்ணைப் பள்ளிப் பிள்ளை வாய்ப்பாட்டை ஒப்பிக்கும்போது ஓர் இலக்கம் தவறியிருந்தால் அங்கேயே குட்டு விழுந்திருக்கும். இன்று நான்கு எண்களில் முதல் இலக்கமே இல்லாத பட்டியல் எந்தக் குட்டும் வாங்காமல் ஊர் சுற்றுகிறது. விழுந்த 1, 5, 3, 3 ஆகியவற்றைத் திரும்ப எழுத ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும்.

தங்கவயலில் பூமிக்கடியிலிருந்து வந்த ஒவ்வொரு தொகுதிப் பாறையையும் மாதிரி எடுத்துச் சோதித்துத்தான் அதில் எத்தனை கிராம் என்று எழுதினார்கள். பார்வைக்குப் பளபளத்ததை வைத்து யாரும் கணக்கு எழுதவில்லை. ஒரு குன்றிமணிப் பொன்னைக்கூட உரசிப் பார்க்காமல் வாங்காதவர்கள், முன்னோர் விட்டுப்போன எண்ணை மட்டும் உரசாமல் வாங்கிக்கொள்வானேன்?